60, 73, 83: ஒரு பென்ஷன் வீட்டின் செலவுக் கணக்கு

ஓய்வுபெறப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மாதம் எவ்வளவு வேண்டியிருக்கும்? வந்த விடையின் மேல் ஆண்டுக்கு 6 சதவீதம் விலைவாசியை ஏற்றிக்கொண்டே போய், 85 வயதில் வந்து நிற்கும் தொகையைப் பார்த்துக் கலங்கிப் போகிறார்கள். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் 60 வயதில் எதற்குச் செலவழிக்கிறோமோ, எதற்கு ஆசைப்படுகிறோமோ, அதே 83-லும் இருக்கும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அப்படி இருப்பதில்லை. செலவின் அளவைவிட, அது எந்த வயதில் எதற்காக வருகிறது என்பதுதான் குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஓய்வுபெற்ற வீடுகளின் செலவு முதலில் மெல்ல இறங்கி, கடைசிக் காலத்தில் மீண்டும் ஏறுகிறது என்று ஓய்வுக்கால நிதி ஆய்வாளர் டேவிட் பிளான்செட் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். வரைந்து பார்த்தால் அது புன்னகைக்கும் உதட்டின் வளைவு. சாப்பாட்டுச் செலவு குறைவதால் சாப்பாடு மோசமாகிவிடுவதில்லை என்பதைப் பொருளாதார அறிஞர்கள் மார்க் அகியாரும் எரிக் ஹர்ஸ்டும் 2005-இல் காட்டினார்கள்: கையில் நேரம் இருப்பதால் பார்த்து வாங்குகிறார்கள், வீட்டிலேயே சமைக்கிறார்கள். நம் ஊரிலும் வளைவு இருக்கிறது. ஆனால் அதை வளைக்கிற காரணங்கள் வேறு: மொய், மாடி, பேரப்பிள்ளைகள், துணைக்கு ஆள், கடைசியில் குடும்ப ஓய்வூதியம்.

எடுத்துக்கொண்ட குடும்பம்

இது ஒரு மாதிரிக் குடும்பம். ஓய்வூதிய விதிகளும் சேமிப்புத் திட்ட விதிகளும் நடப்பில் உள்ளவை. வீட்டுச் செலவு எண்கள் கணக்குக்காக நாங்கள் வைத்தவை. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. கணவர் தமிழ்நாடு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து 60-இல் ஓய்வு பெறுகிறார். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். (அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இங்கே வரும் வரவுக் கணக்கு பொருந்தாது, செலவுக் கணக்கு பொருந்தும்.) மனைவி அவரைவிட 4 வயது இளையவர், வேலைக்குப் போனதில்லை. மகள் சென்னையில், மகன் கோயம்புத்தூரில். எல்லாத் தொகையும் இன்றைய விலையில்.

கடைசி அடிப்படைச் சம்பளம் 70,000. அதில் பாதி, 35,000, அடிப்படை ஓய்வூதியம். மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்: 11,666 × 12 × 8.194 (வயதுக்கு ஏற்ப விதியில் உள்ள பெருக்கெண்), ஏறக்குறைய 11.47 லட்சம். அகவிலைப்படியை 58 சதவீதம் என்று வைத்தால், முழுப் பணிக்காலத்துக்கான பணிக்கொடை, சம்பளமும் படியும் சேர்ந்த 1,10,600 × 16.5 மாதம், அதாவது 18.25 லட்சம். 240 நாள் ஈட்டிய விடுப்புச் சரண் 8.85 லட்சம். மொத்தம் 38.57 லட்சம், வருங்கால வைப்பு நிதி தனி.

மாத ஓய்வூதியம்: தொகுத்தது போக 23,334. அகவிலைப்படி மட்டும் தொகுக்காத முழு 35,000-க்கும் கணக்கிடப்படும், அது 20,300. கூட்டினால் 43,634. மருத்துவப்படி 300 வரும், மருத்துவக் காப்பீட்டுக்கு 497 பிடிப்பார்கள். இரண்டும் சிறு தொகை என்பதால் கீழே சேர்க்கவில்லை. தொகுத்த பங்கு 15 ஆண்டு கழித்து, அதாவது 75 வயதில், திரும்பச் சேரும். 80-இல் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். இந்த இரண்டு வயதுகளும் பின்னால் முக்கியமாகின்றன.

செலவு, மாதத்துக்கு ரூபாயில். பயணம், மொய் போன்றவற்றின் ஆண்டுச் செலவை 12-ஆல் வகுத்திருக்கிறோம்:

| வகை | 59 வயது | 63 | 73 | 83 | மனைவி மட்டும், 79 |
|---|---|---|---|---|---|
| மளிகை, காய், பால் | 14,000 | 14,500 | 12,000 | 9,500 | 6,500 |
| மின்சாரம், கேஸ், போன் | 4,500 | 4,500 | 4,500 | 4,500 | 4,000 |
| பெட்ரோல், ரயில், கோயில் பயணம் | 6,000 | 9,000 | 3,500 | 1,500 | 1,000 |
| துணிமணி, பண்டிகை | 4,000 | 3,000 | 1,500 | 1,000 | 500 |
| மொய், சீர் | 4,000 | 6,000 | 4,500 | 2,000 | 1,500 |
| பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் | 18,000 | 6,000 | 4,000 | 2,000 | 1,500 |
| வீட்டு வரி, பழுது | 3,000 | 6,000 | 3,000 | 3,000 | 3,000 |
| மருந்து, பரிசோதனை | 2,500 | 3,500 | 8,000 | 13,000 | 7,500 |
| வேலைக்கு ஆள், துணைக்கு ஆள் | 0 | 1,500 | 4,000 | 20,000 | 20,000 |
| மொத்தம் | 56,000 | 54,500 | 45,000 | 56,500 | 45,500 |

59-க்கும் 83-க்கும் மொத்தத்தில் வேறுபாடு 500 ரூபாய்தான். உள்ளே இருக்கும் வாழ்க்கையோ முழுக்க வேறு.

60 முதல் 70 வரை: ஆசைகள் வரிசைகட்டும் காலம்

ஓய்வுபெற்றதும் செலவு குறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏமாறுகிறார்கள். அலுவலகச் சட்டை, மதியச் சாப்பாடு, தினசரி பெட்ரோல் குறைகின்றன. பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் முடிந்திருந்தால் பெரிய சுமையே இறங்குகிறது. இறங்கிய இடத்தில் தள்ளிப்போட்ட ஆசைகள் வந்து உட்காருகின்றன. திருக்கடையூரில் மணிவிழா, காசி, ஆறுபடை வீடு, மகளின் பிரசவத்துக்குச் சென்னையில் மூன்று மாதம். இந்தச் செலவைக் குறைக்கச் சொல்ல மாட்டோம். முழங்கால் இடம் கொடுக்கிற காலம் இதுதான். காசிப் பயணத்தை 74-க்குத் தள்ளிவைத்தவர்களில் பலர் போவதே இல்லை. போனாலும் படித்துறையில் இறங்க முடிவதில்லை.

பயணச் செலவில் ஒரு நுணுக்கம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயதிலிருந்து, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. 63-இல் நெல்லை எக்ஸ்பிரஸில் சாதாரணப் படுக்கை வகுப்பில் ஆண்டுக்கு ஐந்தாறு முறை போகிறவர்கள், 70 தாண்டியதும் ஏசி பெட்டிக்கு மாறுகிறார்கள், ரயிலடியிலிருந்து ஆட்டோ பிடிக்கிறார்கள், போவது இரண்டு முறையாகிறது. ஒரு பயணத்தின் விலை ஏறி, பயணங்களின் எண்ணிக்கை இறங்குகிறது. பட்டியலில் 9,000 என்பது 3,500 ஆனது அப்படித்தான்.

மொய்யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த நிதி ஆலோசகரின் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருப்பதில்லை. 60-க்கும் 70-க்கும் இடையில்தான் உடன்வேலை பார்த்தவர்கள், தம்பி தங்கைகள், அக்கம்பக்கத்தார் வீடுகளில் கல்யாணங்கள் குவிகின்றன. நம் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் எழுதிய மொய் நோட்டில் இருக்கிறது. திருப்பிச் செய்தாக வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். இது கடன் தவணை மாதிரியேதான், தேதி மட்டும் நம் கையில் இல்லை. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் மொத்தமாக வரும். சம்பளம் பாதியாகக் குறைந்த பிறகும் இதைப் பழைய கணக்கிலேயே செய்வதால் சேமிப்பு கரைகிறது. மொய் நோட்டை எடுத்து, இன்னும் திருப்ப வேண்டிய வீடுகளை மட்டும் தனியாக எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்து ஒரு தனிக் கணக்கில் போட்டுவிடலாம். புதிதாக வரும் அழைப்புகளுக்கு ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனத்தாங்கல் இல்லாமல் குறைக்க இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது மாடி. கைக்கு மொத்தமாகப் பணம் வந்த முதல் ஆண்டிலேயே, மகன் வந்தால் தங்குவான் என்று மாடி எடுக்கிற வீடுகள் ஏராளம். 20 லட்சம் போட்டு எடுத்த மாடிக்கு இந்த ஊரில் 8,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 96,000, அதாவது 4.8 சதவீதம். குடிவைத்தவர் மாறும்போது வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் அதற்குள்ளேயே. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம், 2025-லும் அதுவே. அதே 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1.64 லட்சம். மாடியின் மதிப்பு ஏறுமே என்பார்கள், ஏறும்தான். ஆனால் 80 வயதில் மாதச் சம்பளம் கொடுக்க மாடியிலிருந்து ஒரு செங்கல்லை விற்க முடியாது. மகன் கோயம்புத்தூரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தால் அவர் திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்கு என்று செலவழிப்பதாக இருந்தால் கீழ்த்தளத்தில் செலவழிக்க வேண்டும். உட்காரும் வகைக் கழிப்பறை, அதன் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை ஓடு, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி. கதவு உள்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட நினைத்தால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி; பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு இடம் கிடையாது. செங்குத்தாகப் போட்ட சரிவு படியைவிட ஆபத்தானது. அங்கே 5 அங்குல உயரப் படிகளும் இரு பக்கக் கைப்பிடியும் போதும். கம்பியைக் கொத்தனார் வெறும் ஓட்டின் மேல் திருகிவிட்டுப் போவார்; ஆள் எடையைத் தொங்கவிட்டால் பெயர்ந்து வரும். செங்கல் சுவருக்குள் இறங்கும் நீண்ட போல்ட் கேட்டுப் போட வைக்க வேண்டும்.

எங்கள் மாதிரியில் 38.57 லட்சத்தில் 5 லட்சம் இந்த வேலைக்கும் மணிவிழாவுக்கும். 3.57 லட்சம் அவசரத்துக்கு வங்கியில். மீதி 30 லட்சத்தில் 15 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில், 15 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும், 7.4 சதவீதத்துக்கு. வட்டி மாதத்துக்கு 10,250-உம் 9,250-உம் ஆக 19,500. 63 வயதில் ஓய்வூதியத்துக்கு மேல் தேவைப்படுவது 10,866. மீதி 8,634 தொடர் வைப்பில் போக வேண்டும். இதைச் செலவழித்துவிடக் கூடாது: அகவிலைப்படி ஏறுவது ஓய்வூதியத்துக்குத்தான், வைப்புத் தொகைக்கு அல்ல. 6 சதவீத விலைவாசியில் பணத்தின் மதிப்பு 12 ஆண்டில் பாதியாகும், 24 ஆண்டில் கால் பங்காகும். வட்டியை முழுதாகத் தின்றால் இன்றைய 30 லட்சம் 84 வயதில் ஏழரை லட்சத்துக்குத்தான் சமம்.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி கிடையாது. 5 ஆண்டு முடிந்ததும் ஓராண்டுக்குள் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்காவிட்டால், முடிந்த நாளிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டிதான்.

70 முதல் 80 வரை: பணம் இருக்கும், கை நீளாது

வாங்கும் ஆசை இந்தப் பத்தாண்டில் அடங்குகிறது. புதுச் சேலை பீரோவிலேயே இருக்கிறது, பாட்டியின் வளையல் பேத்திக்குப் போகிறது. நகை போட்டுக்கொண்டு வெளியே போகப் பயம் ஒரு காரணம், கொடுத்துப் பார்க்கும் ஆசை இன்னொரு காரணம். எஞ்சிய காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதிய பொருளையும் புதிய பழக்கங்களையும் விட்டு நெருங்கியவர்களை நாடுகிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார். மணிவிழாவுக்கு மண்டபமும் சாப்பாட்டுப் பந்தியும் முக்கியமாக இருந்தன. எண்பதில் சதாபிஷேகத்தின்போது தாத்தா கேட்பது பேரன் லீவு போட்டு வருவானா என்பதைத்தான்.

55 வயதுக்குப் பிறகு ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 70-ஐ ஒட்டி வரும் புதுப்பிப்பை, ஸ்கூட்டரை விற்றுவிடலாமா என்று பேசும் சந்தர்ப்பமாக எடுத்துக்கொள்ளலாம். விற்ற பிறகு ஆட்டோவுக்கு மாதம் 1,500 என்று தனியாக எடுத்து வைக்காவிட்டால், காசு பார்த்து வீட்டிலேயே அடைந்துவிடுகிறார்கள். மிச்சமாகும் பணத்தைவிட அந்த அடைபடுதலின் விலை அதிகம்.

இந்த வயதில் செலவு குறைவதில் பாதி இயல்பானது, பாதி கவலைக்குரியது. மளிகை குறைவது இயல்பு. காது கேட்கும் கருவியை "இனிமே எதுக்கு" என்று தள்ளுவதும், பல் செட் தளர்ந்து கஞ்சிக்கு மாறுவதும், கண்புரையைப் பொறுத்துக்கொள்வதும் சிக்கனம் அல்ல. காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். புரை முற்றியவர் படியில் தவறுகிறார். மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கானது. காதுக் கருவி, பல் செட், தினசரி மாத்திரை, பெரியவர்களுக்கான டயப்பர், துணைக்கு ஆள் எல்லாம் கைக்காசுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள மாத்திரைகளை 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே பெறலாம். மற்றவற்றுக்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும் உண்டு. சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வணிகப் பெயர் மட்டும் இருந்தால் கடைக்காரர் இல்லை என்று அனுப்பிவிடுவார்.

75-இல் தொகுத்த பங்கு திரும்பச் சேர்ந்து ஓய்வூதியம் 55,300 ஆகிறது. அந்த மாதச் சீட்டை வாங்கிப் பார்த்து, சேராவிட்டால் கருவூலத்தில் கேட்க வேண்டும். செலவு 45,000-தான். மாதம் 10,300 மிச்சம். 80 வரை வட்டி சேர்க்காமலே 6.18 லட்சம். பல வீடுகளில் இது பென்ஷன் கணக்கிலேயே குறைந்த வட்டியில் கிடக்கும், அல்லது மகனின் அவசரத்துக்குப் போகும். எங்கள் கருத்தில் இந்தப் பணம் முழுவதும் மனைவியின் பெயருக்குப் போக வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் வரும் மனைவியின் கணக்கு காட்டும்.

80-க்குப் பிறகு: கைகளுக்குக் கொடுக்கும் விலை

83 வயதில் மருந்து 13,000, ஆள் 20,000. பகலில் மட்டும் வரும் ஒரு பெண்ணுக்கோ ஆணுக்கோ இன்று ஒரு நடுத்தர ஊரில் கொடுக்க வேண்டியதை வைத்தே இந்த 20,000. இரவும் தங்குவதென்றால் கூடும். சாப்பாடும் நம் பொறுப்பு. முகவர் வழியாக வந்தால் முன்பணம் கேட்பார்கள், ஆள் திடீரென்று நின்றால் மாற்று ஆள் எத்தனை நாளில் என்பதை எழுதி வாங்க வேண்டும். வீடுகள் செய்யும் பெரிய பிழை, விழுந்து எலும்பு முறிந்த பிறகு ஆள் தேடுவது. 73-இல் பாத்திரம் தேய்க்கவும் கூட்டவும் வந்தவரையே 78 வாக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லி, குளிக்கக் கைகொடுப்பது வரை மெதுவாகக் கூட்டினால் இரு தரப்பும் பழகிவிடும். முன்பின் தெரியாத ஆளைக் குளியலறைக்குள் விட 83 வயதுக்காரர் சம்மதிப்பது கடினம்.

80-இல் வரும் கூடுதல் 20 சதவீதம் 7,000. அதன் அகவிலைப்படி 4,060. ஓய்வூதியம் 66,360 ஆகிறது. செலவு 56,500. கணவர் இருக்கும் வரை கணக்கு நிற்கிறது.

மனைவியின் கணக்கு

கணவர் 83-இல் காலமானால் மனைவிக்கு 79. குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்: 21,000. அகவிலைப்படி 12,180. மொத்தம் 33,180. 66,360-இல் சரிபாதி. ஓய்வுபெற்ற சில ஆண்டுகளுக்குள் இறந்தால் கொஞ்ச காலம் உயர்ந்த விகிதம் உண்டு. 83-இல் அது கிடையாது. செலவோ பாதியாவதில்லை. சாப்பாடும் மருந்தும் குறைகின்றன, ஆளின் சம்பளம் அப்படியே, வீட்டு வரி அப்படியே. 45,500 வேண்டும், 33,180 வருகிறது, 12,320 துண்டு விழுகிறது. இந்தத் துண்டை வட்டியால் மட்டும் அடைக்க, 8.2 சதவீதத்தில், இன்றைய மதிப்பில் 18 லட்சம் அவர் பெயரில் இருக்க வேண்டும்: மாத வட்டி 12,300.

ஆகவே மனைவிக்கு 60 ஆனதும் அவர் பெயரிலேயே மூத்த குடிமக்கள் கணக்கு தொடங்குங்கள். ஒருவருக்கு 30 லட்சம் வரை இடம் உண்டு. அஞ்சலகக் கணக்கு முதிர்வடையும்போது அதை அங்கே மாற்றலாம், தொடர் வைப்பு முடியும்போதெல்லாம் அதையும். கணவரின் கணக்கில் வாரிசாகப் பெயர் இருப்பது மட்டும் போதாது. 79 வயதில் சான்றிதழ்களோடு அலைந்து பெறும் பணமும், ஏற்கெனவே தன் பாஸ்புக்கில் இருக்கும் பணமும் ஒன்றல்ல. அந்தப் பாஸ்புக்கிலிருந்து அவரே போய்ப் பணம் எடுத்துப் பழகியிருக்கவும் வேண்டும்.

மனைவிக்கு 80 ஆனதும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் 20 சதவீதம் கூடும்: 4,200-உம் அகவிலைப்படி 2,436-உம், மாதம் 6,636. துண்டு 5,684 ஆகச் சுருங்கும். இங்கேதான் பல பெண்மணிகள் பணத்தை இழக்கிறார்கள். கருவூலம் பார்ப்பது ஓய்வூதிய ஆணையில் உள்ள பிறந்த தேதியை. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஆதாரில் யாரோ போட்ட ஜனவரி 1 இருக்கும், பான் அட்டையில் வேறு ஆண்டு இருக்கும், ஆணையில் வயதுக்கட்டம் காலியாக இருக்கும். கணவர் ஓய்வுபெறும் ஆண்டிலேயே ஆதார், பான், வங்கிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை நான்கிலும் பெயர் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கணவர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தோடு கருவூலத்தில் திருத்திவிடலாம். பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும், இருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் இருக்கட்டும். ஆண்டு நேர்காணலுக்கு இருவரும் நடக்க முடியாத நிலை வந்தால், தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் எடுத்துத் தருவார். ரேகை தேய்ந்துபோன விரல்களைக் கருவி ஏற்காது. அப்போது முகப்பதிவு வழியாக எடுக்கச் சொல்லுங்கள்.